ஸ்டெல்லாரிஸ்: 2350-க்குப் பிறகு ஆட்டம் நகரவே மறுக்கிறது

அனைவருக்கும் வணக்கம். தருமபுரியிலிருந்து எழுதுகிறேன். விண்வெளிப் பேரரசை வளர்க்கும் கணினி விளையாட்டான ஸ்டெல்லாரிஸில், ஆட்டத்துக்குள் 2200-ஆம் ஆண்டில் தொடங்கும் ஆட்டம் முதல் நூறு ஆண்டுகள் தடையின்றி ஓடுகிறது. ஆனால் 2350-ஐத் தாண்டியதும், அதிவேகத்தில் வைத்தாலும், வலது மேல் மூலையில் உள்ள தேதி ஒவ்வொரு நாளுக்கும் நின்று நின்றுதான் மாறுகிறது. மாதம் பிறக்கும் நொடியில் திரை முழுவதும் உறைந்துவிடுகிறது.

என்னிடம் இருப்பது ஐ5 செயலியும் 16 ஜிபி ரேமும் கொண்ட பழைய லேப்டாப். வெயில் காலம் என்பதால் சூடுதான் காரணமோ என்று கடையில் கொடுத்து விசிறியைச் சுத்தம் செய்து, தெர்மல் பேஸ்ட்டும் மாற்றினேன், பயனில்லை. கிராஃபிக்ஸ் தரத்தைக் குறைத்தும் மாற்றமில்லை, ஏனெனில் சுமை முழுவதும் செயலியின் மீதே விழுகிறது. மோட்கள் (ரசிகர்கள் உருவாக்கும் கூடுதல் மாற்றங்கள்) அனைத்தையும் நீக்கிவிட்டேன்.

தொடக்க அமைப்புகளில் விண்மீன்களை 1000-லிருந்து 400 ஆகவும், வாழத்தக்க கோள்களை 0.25 மடங்காகவும், எதிரிப் பேரரசுகளைப் பாதியாகவும் குறைத்தபோது வேகம் ஓரளவு கூடியது. ஆனால் அண்டை நாடுகளே இல்லாத அண்டத்தில் யாரோடு உடன்படிக்கை செய்வது, யாரோடு போரிடுவது? பேரரசு வளர வளர ஆட்டமே தளர்வதை வடிவமைப்பின் குறையாகவே கருதுகிறேன். 2025 மே மாதம் வந்த 4.0 பதிப்பில் மக்கள்தொகையைக் கணக்கிடும் முறையை மாற்றிய பின்னரும் என் கணினியில் இதே நிலைதான்.

எதிரிப் பேரரசுகளைக் குறைக்காமல், இந்த லேப்டாப்பிலேயே இறுதி நெருக்கடி (ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வரும் பேராபத்து) வரை ஆட வேண்டுமானால், தொடக்க அமைப்புகளில் எதை எந்த அளவில் வைக்க வேண்டும்?