வெளியில நீர்வர்ணமும் பாஸ்டலும்: வாஷ் காயுதில்லை, பாஸ்டல் பிடிக்குதில்லை

ஈரக்கடதாசி:
கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் விடிய 6.30 மட்டில் இருந்து வரைகிறேன். 300 ஜிஎஸ்எம் கோல்ட் பிரஸ் (சற்றுச் சொரசொரப்பான) தாள், 28×38 செ.மீ. முதலில் நீர்வர்ணம், அதற்கு மேல் சொஃப்ட் பாஸ்டல் (தூளாக உதிரும் நிறக்குச்சி). வானத்துக்குப் போட்ட வாஷ் (நிறையத் தண்ணீரில் கரைத்த மெல்லிய நிறப் பூச்சு) அரை மணித்தியாலமாகியும் ஈரமாகவே கிடக்கு. பொறுக்காமல் மரத்தைத் தொட்டால் ஓரமெல்லாம் பூக்கோவா மாதிரி விரியுது. பாஸ்டல் சில இடத்தில் வழுக்குது, சில இடத்தில் களி மாதிரி அப்புது. பச்சை முழுக்க ஒரே பச்சை. நகர மண்டபத்தின் வெள்ளைச் சுவர் சாம்பலாகிப் போச்சு. வீட்டில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் படம் முழுக்க இருட்டு. தாள் பிழையா, கை பிழையா?

கரித்துண்டு:
முதல்ல தாளைச் சோதியுங்கோ, கையைப் பிறகு குறை சொல்லலாம். மூலையில ஒரு சொட்டு நல்ல தண்ணி விடுங்கோ. முத்து மாதிரி கொஞ்ச நேரம் நிண்டால் தாள் சரி. விட்ட உடனே கருத்து உள்ளுக்குப் போனால், தாளில ஏத்தியிருக்கிற ஜெலட்டின், அதாவது சைஸிங், செத்துப்போச்சு. எங்கட ஊர்ப் புழுக்கத்தில அலுமாரிக்குள்ள திறந்து கிடக்கிற நல்ல பருத்தித் தாளுக்கும் இது நடக்கும். பூஞ்சணம் பிடிச்ச இடம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது, வாஷ் போட்டாப் பிறகுதான் புள்ளி புள்ளியாக் கருக்கும். அந்தத் தாளைத் தனிப் பாஸ்டலுக்கு ஒதுக்குங்கோ. மிச்சத்தைக் காத்துப் புகாத உறையில, ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பையோட வையுங்கோ. நிறம் மாறுற வகை ஜெல் எண்டால் எப்ப மாத்த வேணும் எண்டு தெரியும்.

தாள் சரி எண்டால் பிழை தண்ணியில. விடியக்காலையில காத்தில ஈரப்பதம் பெரும்பாலும் 85 சதவீதத்துக்கு மேல. நிழலில வாஷ் காயாது, அது உங்கட குற்றமில்லை. பூக்கோவா எப்படி வருது எண்டு பாருங்கோ: வாஷில பளபளப்புப் போய், மங்கி, ஆனால் உள்ளுக்கு ஈரம் இருக்கிற ஒரு கட்டம் வரும். அந்த நேரத்தில தாளை விடக் கூடத் தண்ணி உள்ள பிரஷ் பட்டால், புதுத் தண்ணி பழைய நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில குவிக்கும். அதால பளபளக்கேக்க வேலை செய்யலாம், முழுக்கக் காய்ஞ்ச பிறகு செய்யலாம், இடைக்கட்டத்தில கை வைக்கக் கூடாது. காய்ஞ்சுதா எண்டு பார்க்க விரல் நுனியால தொடாதேங்கோ, புறங்கையை மெல்ல வையுங்கோ. குளிர்ந்தால் உள்ளுக்கு இன்னும் ஈரம்.

அளவைக் குறையுங்கோ. வெளிவேலைக்கு 19×28, முழுத்தாளில எட்டில ஒண்டு, தாராளம். தண்ணியைக் கனக்கப் பிடிக்கிற மொப் பிரஷை வீட்டில விட்டுட்டு 25 மி.மீ. தட்டைப் பிரஷும் 10ஆம் இலக்க உருண்டைப் பிரஷும் கொண்டு போங்கோ. ஒவ்வொரு தரமும் துவாயில ஒருக்கா ஒத்தி எடுங்கோ. வானம் காயும் மட்டும் சும்மா இராமல் கீழ்ப்பக்கப் புல்லைப் போடுங்கோ, இரண்டுக்கும் நடுவில 2, 3 மி.மீ. காய்ஞ்ச தாள் விட்டால் ஒண்டுக்குள்ள ஒண்டு ஓடாது. அவசரமெண்டால் பலகையோட வெயிலில ஐந்து நிமிஷம் வையுங்கோ.

இன்னொண்டு, நுளம்புக்குப் பூசுற கிறீம். அந்தக் கை தாளில பட்ட இடத்தில வாஷ் பிடிக்காது, வெள்ளை விரலடையாளம் நிக்கும். டீட் உள்ளதெண்டால் பிளாஸ்டிக் பலட்டையும் இளக்கும். காலுக்குப் பூசுங்கோ, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டுத் தாளைத் தொடுங்கோ.

செவ்வரத்தை:
பச்சைக்கும் வெள்ளைச் சுவருக்கும் நான் பதில் சொல்கிறேன்.

படம் இருட்டாவதற்குக் காரணம் தாளில் நேரடியாக விழும் வெயில். கண் கூசும், கூச்சத்தைச் சமாளிக்க அறியாமலே நிறத்தைக் கூட்டிப் போடுவோம், வீட்டு வெளிச்சத்தில் அது இருண்டு தெரியும். தாள் நிழலில் இருக்க வேண்டும். குடை வெள்ளை, சாம்பல், கறுப்பு இந்த மூன்றில் ஒன்றாக இருக்கட்டும். நீலக் குடைக்குக் கீழே கலக்கிய பச்சை வெளியே வந்தால் வேறு பச்சை.

பச்சையைக் குப்பியிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். தேலோ பச்சை, பிஜி 7 (இப்படி வருபவை குப்பியில் எழுதியிருக்கும் நிறமி இலக்கங்கள்), தனியே போட்டால் பிளாஸ்டிக் வாளி மாதிரித்தான் இருக்கும். அதில் பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைச் சேர்த்தால் மாரா மரத்தின் அடிப்பக்க இருட்டு வரும். வெயில் பட்ட மேல்பக்கத்துக்கு பிவை 150 மஞ்சளில் அந்தப் பச்சையைத் தொட்டுத் தொட்டு விடுங்கள். இடைப்பட்டதற்கு அல்ட்ராமரின் நீலமும் அதே மஞ்சளும். இந்த மூன்றும் முதலில் வெளிச்ச அளவில் வேறுபட வேண்டும், நிறத்தில் வேறுபடுவது பிறகு. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்: மூன்றும் ஒன்றாகக் கலந்து தெரிந்தால் இருட்டுப் போதவில்லை.

மரக் கிளைகளுக்கு நடுவே தெரியும் வானத் துளைகளில்தான் கனபேர் பிழை விடுவார்கள். வானத்துக்குப் போட்ட அதே வெளிர்நீலப் பாஸ்டலால் புள்ளி வைத்தால், மரத்தில் கடதாசித் துண்டு ஒட்டின மாதிரி இருக்கும். சிறிய துளை, சுற்றியுள்ள இலைகளால் மங்கித்தான் தெரியும். அதற்கு வானத்தை விட ஒரு படி இருண்ட குச்சியை எடுங்கள்.

செவ்வரத்தைப் பூவை வெயிலுக்கு எதிராக நின்று வரைந்தால் இதழ் உள்ளிருந்து எரிகிற மாதிரி தெரியும். அது நீர்வர்ணத்துக்குரிய வேலை: பிஆர் 254 சிவப்பை மெல்லியதாக ஒரே தரம், அடியில் கொஞ்சம் குயினாக்ரிடோன் ரோஸ், பிவி 19. பாஸ்டல் இதழின் மடிப்பு ஓரத்தில் மட்டும், வெளிர் ரோஸில் ஒரு கோடு. இதழ் முழுக்கப் பாஸ்டல் தேய்த்தால் அந்த வெளிச்சம் செத்துவிடும். போகன்வில்லாவுக்கு ஒபேரா பிங்க் வாங்கச் சொல்வார்கள், வாங்காதீர்கள். அந்த ஒளிர்நிறம் சில மாதத்திலேயே மங்கும். பிஆர் 122 போதும்.

வெள்ளைச் சுவர்: வெயில் பக்கத்தில் எதுவும் போடாதீர்கள், தாளே சுவர். நிழல் பக்கத்துக்கு அல்ட்ராமரினும் பேர்ன்ட் சியன்னாவும், நிறையத் தண்ணீரோடு. கீழ்ப்பகுதியில் புல்லின் வெளிச்சம் திரும்பி அடிக்கும், அங்கே ஈரத்திலேயே ஒரு துளி மஞ்சள் விடுங்கள். சாம்பலாகத் தெரியாது.

நிழலின் வடிவத்தை வந்த ஐந்து நிமிடத்துக்குள் பென்சிலால் அடைத்துவிடுங்கள், பிறகு மாற்றாதீர்கள். மார்ச், ஏப்ரலில் 8 மணிக்கு மர நிழல் மரத்தைப் போல் இரண்டு மடங்கு இருக்கும், 9 தாண்ட மர உயரத்துக்கு வந்துவிடும். சூரியன் நேர் உச்சிக்கு வரும் ஏப்ரல் முற்பகுதியில் மத்தியானம் வரையப் போனால் நிழலே இல்லை, படமும் தட்டை.

பேரவாவி:
பாஸ்டல் பக்கம் இன்னும் ஒருவரும் தொடவில்லை. களி மாதிரி அப்புவது தாளுக்குள் ஈரம் இருப்பதால். வழுக்குவது தாளின் சொரசொரப்பு அடைபட்டதால். கோல்ட் பிரஸ் தாள் மூன்று, நாலு அடுக்குக்கு மேல் தாங்காது. பத்தில் எட்டுப் பங்கு வேலையை நீர்வர்ணத்தில் முடித்துவிட்டு, பாஸ்டலைக் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கடினக் குச்சி, மேலே மென்மையானது. மாறிப் போட்டால் கடினக் குச்சி கீழே உள்ளதைச் சுரண்டும்.

கூடுதலாக அடுக்க வேண்டுமென்றால் வீட்டிலேயே தாளில் ஒரு பூச்சுப் போடுங்கள்: அக்ரிலிக் மேட் மீடியம் 2 பங்கு, நுண்ணிய பியூமிஸ் (நுரைக்கல்) தூள் 1 பங்கு, தண்ணீர் 1 பங்கு. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய வேண்டும்.

நீர்வர்ணத்துக்குப் பலகை சற்றுச் சாய்வாக, பாஸ்டலுக்கு ஏறத்தாழ நிமிர்த்தி. தூள் கீழே விழட்டும். ஊதாதீர்கள், பின்பக்கம் தட்டுங்கள். கட்மியம் குச்சிகளின் தூள் சுவாசத்துக்குள் போகக் கூடாது.

கரித்துண்டு:
பூச்சுப் போட்ட தாளில நீர்வர்ணம் உள்ளுக்கு இறங்காது அண்ணா. இரண்டாம் வாஷ் போடேக்க முதலாவது கழண்டு வரும். பாஸ்டல் கூடின படத்துக்குச் சரி. இவர் கேக்கிற மெல்லிய வானத்துக்குச் சரிவராது.

பேரவாவி:
ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தாளில் நீர்வர்ணம் ஒரே வாஷ்தான், அடிநிறத்துக்கு மட்டும்.

ஈரக்கடதாசி:
சொட்டு வைத்துப் பார்த்தேன், தாள் சரி, கைதான். பாஸ்டல் தூள் உதிராமல் பிடிக்கிற ஃபிக்சட்டிவ் அடிக்க வேணுமா? பேர வாவிக்குள் இருக்கிற சீமமாலக விகாரையைக் கரையிலிருந்து வரைந்து பஸ்ஸில் கொண்டுவர வேணும்.

பேரவாவி:
கடைசிப் பூச்சாக வேண்டாம். வெளிர் நிறங்கள் கண்ணாடி மாதிரி ஆகி மங்கும், வெள்ளைதான் முதலில் போகும். இடையில் அடிக்கலாம்: 30 செ.மீ. தூரத்திலிருந்து மெல்லியதாக, மழை இருட்டில் அல்ல. பஸ்ஸுக்கு வழுவழுப்பான கிளாசின் தாள் ஒன்றைப் படத்தின் மேல் வைத்து, இரண்டு மட்டைக்கு நடுவில் நாலு பக்கமும் கிளிப் போடுங்கள். கிளாசின் நகராதபடி மேல் ஓரத்தில் மட்டும் மாஸ்கிங் டேப், தாள் தேய்ந்தால் நிறம் இழுபடும்.

வாவித் தண்ணீரைப் பற்றி ஒன்று. அது நீலமல்ல, பாசிப் பச்சை. விகாரைக் கூரையின் நீல ஓடு அதில் விழும்போது மேலே உள்ளதை விட மங்கலாக, பச்சை கலந்து தெரியும். பிரதிபலிப்பில் வெளிச்சம் ஒரு படி இருளும், இருட்டு ஒரு படி வெளிரும். தண்ணீரை நீர்வர்ணத்தில் மேலிருந்து கீழாக ஒரே தரத்தில் இழுத்து விடுங்கள். காய்ந்த பிறகு பாஸ்டலின் பக்கவாட்டால் படுக்கையாக இரண்டே இரண்டு கோடு.

செவ்வரத்தை:
காலிமுகத்திடலில் வரைவதென்றால் ஒரு எச்சரிக்கை. கடல் காற்றில் வரும் உப்பு ஈரமான வாஷில் விழுந்தால் நிறத்தை இழுத்து வெள்ளைப் புள்ளியாக்கும். உப்பு ஈரத்தையும் விடாது, தாள் வீட்டுக்கு வந்தும் பிசுபிசுக்கும். காற்றுக்கு முதுகைக் கொடுத்து, தாளை உடம்பு மறைவில் வைத்திருங்கள்.