ஹட்டன், நுவரெலியா பக்கம் தமிழ் பேசும் மனநல வைத்தியர் யாரையாவது தெரியுமா?

என் தங்கச்சிக்காகக் கேட்கிறேன். டவுனில் கடைக்குப் போனால் எதையாவது எடுத்து ஒளித்துக்கொண்டு வந்துவிடுகிறாள், கையில் காசு இருந்தாலும்கூட. அலுமாரியில் துணிக்கு அடியில் விலைச்சீட்டு கிழிக்காத கிளிப், சவர்க்காரம், குழந்தைச் சொக்ஸ். எங்கள் வீட்டில் கைக்குழந்தையே இல்லை. எடுக்கும் முன் நெஞ்சு படபடக்குமாம், எடுத்ததும் ஒரு நிம்மதி, அப்புறம் இரவெல்லாம் அழுகை.

இதைக் கிளெப்டோமேனியா என்கிறார்கள். தேவைக்காகவோ கோபத்திலோ திருடுவது வேறு. இது உந்துதலை அடக்க முடியாத மனநோய். சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை உண்டு, சிலருக்கு நால்ட்ரெக்சோன் போன்ற மாத்திரையும் கொடுக்கிறார்கள். ஆனால் எங்கள் தோட்டத்து லய வீடுகளில் தெரிந்தால் 'கள்ளி' என்ற பேர்தான் மிஞ்சும். அடித்துத் திருத்தச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். அதற்கு நான் விடமாட்டேன்.

சிங்களத்தில் மனசைத் திறந்து பேச அவளால் முடியாது. 1926 மனநல உதவி இலக்கத்தில் தமிழில் பேசியவர்கள் இருக்கிறீர்களா? கண்டி பெரியாஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குக் கடிதம் வேண்டுமா? பொருட்களைத் திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரரிடம் எப்படிப் பேசுவது? இன்பொக்ஸில் எழுதினாலும் சரி.