பொருள்: ‘பேட்டரி ஹெல்த்’ தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். மடிக்கணினி பேட்டரியைச் சோதிக்கும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். எல்லாச் சரமும் (திரையில் வரும் சொற்றொடர்கள்) முடிந்தது, ஒன்றைத் தவிர: ‘பேட்டரி ஹெல்த்’.

திரையில் இரண்டு எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக வரும். மேலே ‘சார்ஜ் 100%’, கீழே ‘ஹெல்த் 61%’. மேலே இருப்பது இப்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது. கீழே இருப்பது, புதிதாக இருந்தபோது கொண்டதில் இன்று எத்தனை பங்கு கொள்ளும் என்பது. என் கணினியையே எடுத்துக்கொள்ளுங்கள்: பேட்டரி மேல் 50 வாட்மணி என்று அச்சிட்டிருக்கிறது, இப்போது முழுக்க ஏற்றினாலும் 30.5தான் கொள்கிறது. அதுதான் அந்த 61.

‘ஆரோக்கியம்’ என்று போட்டுப் பார்த்தேன். சோதித்த நண்பர், “சார்ஜ் நூறு ஏறிய பிறகும் கீழே ஏன் 61-லேயே நிற்கிறது, சார்ஜர் கோளாறா?” என்று கேட்டார்.

எண்ணை நிரலே போட்டுவிடும், நான் கழிக்கவோ கூட்டவோ வழியில்லை. சொல் நீண்டால் பெட்டிக்கு வெளியே வழியும்.

தமிழாசிரியர்:

தம்பி, ‘ஹெல்த்’தை விடுங்கள், ‘பேட்டரி’யை யார் உள்ளே விட்டது? மின்கலம் என்ற சொல் எத்தனை காலமாகப் பாடநூலில் இருக்கிறது!

உங்கள் கேள்விக்கு விடை: தேய்மானம். உடனே யாராவது ‘மானம்’ வடமொழி என்று வருவீர்கள் என்று தெரியும். வருமானம், பெறுமானம், கட்டுமானம், பிடிமானம். எல்லாவற்றுக்கும் அடி தமிழ் வினை. அடி இங்கேயே பிறந்து, ஈறு மட்டும் வடக்கிலிருந்து நடந்து வந்து ஒட்டிக்கொண்டதா? அப்படியும் ஐயம் தீராதவர்கள் ‘தேய்வு’ என்று வைத்துக்கொள்ளலாம். தேய்பிறையில் நிலவுக்கு நேர்வதுதானே இதற்கும்.

பழுது பார்ப்பவர்:

ஐயா, நிலவு திரும்ப வளரும். இது வளராது.

தினமும் இந்தப் பெட்டிகளைத் திறக்கிறவன் என்ற முறையில் இரண்டு விஷயம். ஒன்று, ‘தேய்மானம் 61%’ என்று திரையில் வந்தால் பாதிக்கு மேல் போய்விட்டது என்றுதான் யாரும் படிப்பார்கள். உண்மையில் போனது 39. எண்ணை மாற்ற முடியாது என்று அவர்தான் முதலிலேயே சொல்லிவிட்டாரே.

இரண்டாவது, மின்கலம். மடிக்கணினி பேட்டரிக்குள் ஒரு கலம் இல்லை, பல கலங்கள். மூன்றைத் தொடராக இணைத்தால் ஒன்றுக்கு 3.7 வோல்ட் வீதம் 11.1. அதில் ஒரு கலம் மட்டும் படுத்துவிட்டால் உதவிப் பக்கத்தில் என்ன எழுதுவீர்கள்? ‘மின்கலத்தில் ஒரு மின்கலம் பழுது’ என்றா?

நேற்று ஒரு கணினி வந்தது. 34% காட்டிக்கொண்டே இருக்கும், காணொளி ஓடவிட்டால் பட்டென்று அணைந்துவிடும். சார்ஜரைச் செருகி எழுப்பினால் 5%. பழைய கலத்தின் உள்மின்தடை கூடிவிடுகிறது, சுமை ஏறும்போது மின்னழுத்தம் சரிகிறது, கணினி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துகொள்கிறது. போதாததற்கு, உள்ளே போகிற வருகிற மின்னோட்டத்தைக் கணக்குவைக்கும் சில்லும் நாளடைவில் தப்புக்கணக்குப் போடும். முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கி, மறுபடி ஏற்றினால் கணக்கு நேராகும். கலம் புதிதாகாது. இது தெரியாமல் மாதத்துக்கு நாலு தடவை இறக்கி ஏற்றுகிறார்கள், அதனாலேயே இன்னும் தேய்கிறது. எந்தச் சொல் வைத்தாலும், 61 என்பது ஒரு மதிப்பீடுதான் என்று எங்காவது ஒரு வரி போடுங்கள்.

இயற்பியல் ஆசிரியர்:

> மின்கலத்தில் ஒரு மின்கலம்

அதற்குத்தான் ‘மின்கல அடுக்கு’ இருக்கிறதே. ஆங்கிலத்திலும் அடுக்குதான் பொருள்: 1749-இல் பிராங்க்ளின், மின்னூட்டம் சேமிக்க உலோகத் தகடு ஒட்டிய கண்ணாடிப் பலகைகளை வரிசையாக இணைத்துவிட்டு, பீரங்கி வரிசைக்கு வழங்கிய பெயரை அதற்கு வைத்தார். ஒற்றைக் கலத்தையும் பேட்டரி என்பது பிற்காலச் சோம்பல்.

இதோடு, தமிழகப் பாடநூலின் மின்னூட்டமும் இலங்கைப் பாடநூலின் மின்னேற்றமும் ஒன்றே என்பதால்...

மொழிபெயர்ப்பாளர்:

அம்மா, அந்தக் கதவைத் திறக்க வேண்டாம். ‘சார்ஜ்’ என்றே வைத்துவிட்டேன்.

வகுப்பில் பிள்ளைகள் இதை எப்படிச் சொல்கிறார்கள்?

இயற்பியல் ஆசிரியர்:

“மிஸ், சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது.” அழகான சொல்லாட்சி, யோசித்துப் பாருங்கள். ஏறுகிறது, ஆனால் நிற்கவில்லை. ‘தாங்கல’ என்பவர்களும் உண்டு, ஆனால் அது நேரத்தைச் சொல்வது. திரை வெளிச்சத்தைக் குறைத்தால் அதே பேட்டரி இன்னும் கொஞ்சம் தாங்கும், ஹெல்த் மாறாது.

நிற்பது, தாங்குவது, கொள்வது. இந்த மூன்றில் நமக்கு வேண்டியது கொள்வது. ‘கொள்ளளவு’ எப்படி?

மொழிபெயர்ப்பாளர்:

அது வாட்மணிக்குப் போய்விட்டது. ‘வடிவமைப்புக் கொள்ளளவு’, ‘இப்போதைய கொள்ளளவு’ என்று ஏற்கெனவே இரண்டு சரங்கள். விகிதத்துக்கு ‘கொள்திறன்’ என்று வைக்கலாமா? ‘சார்ஜ் 100%, கொள்திறன் 61%’. நண்பரிடம் காட்டினேன், சார்ஜரைக் குறை சொல்லவில்லை.

தமிழாசிரியர்:

கொள்+அளவு கொள்ளளவு ஆயிற்று. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும், சரி. கொள்+திறன்? ளகர ஒற்றின் முன் வரும் தகரம் டகரமாக வேண்டாமா? நாள்+தோறும் நாடோறும் ஆவது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அந்த வழியில் ‘கொடிறன்’ என்றல்லவா வரும்?

இயற்பியல் ஆசிரியர்:

ஐயா, கொடிறு என்றால் தாடை. கயமை அதிகாரத்தில் வள்ளுவர் கயவருக்கு உடைக்கச் சொல்வது அதைத்தான். ‘கொடிறன் 61%’ என்று படிக்கும் பயனருக்கும் அதே கதிதான்.

மேலும், ‘நாள்’ நெடில் என்பதால் ளகரம் கெட்டது, ‘கொள்’ தனிக்குறில், அங்கே அப்படிக் கெடாது. அதோடு, ‘கொள்திறன்’ போன்ற வினைத்தொகையைப் பிரித்துப் புணர்ச்சி சொல்லக் கூடாது என்று தொல்காப்பியரே குற்றியலுகரப் புணரியலின் கடைசியில் விட்டுவிட்டார்.

மட்டுறுத்துநர்:

நாளை வெள்ளி. ‘கொள்திறன்’ நான்கு பேர், ‘மின்கல நலம்’ இரண்டு பேர், ‘தேய்வு’ ஒருவர். ‘நலம்’ சொன்ன இருவரும் காரணம் எழுதவில்லை. புணர்ச்சி பற்றித் தனி இழை தொடங்கவும்.

மொழிபெயர்ப்பாளர்:

நன்றி. கொள்திறன் என்றே அனுப்பிவிடுகிறேன். உதவிப் பக்கத்தில் பேட்டரி, கலம் என்று பிரித்து எழுதியிருக்கிறேன். சற்றுத் தாமதமாகும், பத்து நாளாக இந்தக் கணினியின் தொடுதளம் சரியாக அழுந்தவில்லை, சுட்டியை வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

பழுது பார்ப்பவர்:

தொடுதளம் அழுந்தவில்லையா? மூடியை மூடி மேசைமேல் வையுங்கள். ஆடுகிறதா? விளிம்பில் இடைவெளி தெரிகிறதா?

மொழிபெயர்ப்பாளர்:

ஆடுகிறது அண்ணா. இடது மூலையில் ஒரு நகம் நுழையும் இடைவெளி.

பழுது பார்ப்பவர்:

பேட்டரி உப்பிவிட்டது. உள்ளே மின்பகுளி சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது, அதுதான் தொடுதளத்தை அடியிலிருந்து தள்ளுகிறது. சார்ஜரை இப்போதே கழற்றி, அணைத்து வையுங்கள். அழுத்திச் சமன் செய்யப் பார்க்காதீர்கள், ஊசி, கத்தி எதுவும் கிட்டே போகக் கூடாது. இதற்கு இறக்கி ஏற்றிக் கணக்கை நேராக்கும் அளவுதிருத்தம் எல்லாம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். 61 என்று காட்டியதே தவிர உப்பியதை உங்கள் மென்பொருள் சொன்னதா பாருங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

கழற்றிவிட்டேன். கைப்பேசியிலிருந்து எழுதுகிறேன். கோப்பு நல்லவேளை வழங்கியில் (சர்வரில்) இருக்கிறது.

தமிழாசிரியர்:

உடனே மாற்றுங்கள் தம்பி, சொல் எங்கேயும் ஓடிவிடாது. ‘உப்புதல்’ நல்ல தமிழ் வினை, அதற்கு மறுப்பில்லை. ‘கொள்திறன்’ குறித்த என் மாற்றுக்கருத்தை மட்டும் மட்டுறுத்துநர் பதிந்துகொள்ளவும். நாடோறும் என்று எழுதுகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம்.