செஞ்சி வெயிலில் வாட்டர்கலர் உடனே காய்ந்துவிடுகிறது

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையை அடிவாரத்தில் உட்கார்ந்து வரைகிறேன். பென்சில் வரை சிக்கல் இல்லை. மதில், பெரிய பெரிய உருண்டைப் பாறைகளையே சுவராகச் சேர்த்துக்கொண்டு மேலேறுவது வரையும்போதுதான் கண்ணில் பட்டது, அவ்வளவு அழகு! வண்ணத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன். வானத்தைப் பாதி இழுப்பதற்குள் மேல்பாதி காய்ந்து, நடுவில் கறைபோலக் கோடு விழுகிறது.

தாள் 300 ஜிஎஸ்எம் (தடிமனானது), கோல்டு பிரஸ் (லேசான சொரசொரப்பு), செல்லுலோஸ் (மரக்கூழ், காட்டன் அல்ல). பான் வண்ணம் (காய்ந்த கட்டியாக வருவது), 8-ஆம் எண் பிரஷ். பிப்ரவரியிலிருந்தே இப்படித்தான், காலை 9 மணிக்கு மேல் ரொம்ப மோசம்.

குடை பிடித்துப் பார்த்தேன், தாளை முன்பே நனைத்தேன். ஸ்ப்ரே அடித்தால் புள்ளி புள்ளியாகத் திட்டு விழுகிறது. அப்புறம் கிளிசரின் கலந்தேன், பிசுபிசுப்பு போகவே இல்லை.

வெயிலில் வரைபவர்கள் சொல்லுங்கள்: காட்டன் தாளுக்கு மாறினால் இது தீருமா?