கரண்ட் போனா சம்ப் வழியுது, ஓவர்ஃப்ளோ பாக்ஸ்ல கோளாறா?

கயல்72:
4 அடி நீளம், 1½ அடி அகல மீன் தொட்டி. மூலையில ஓவர்ஃப்ளோ பாக்ஸ் (மிஞ்சுற தண்ணி இதோட பல்லு வெட்டின விளிம்பு வழியா விழுந்து பைப்புல இறங்கும்), கீழ சம்ப் (அந்தத் தண்ணி சேருற, மோட்டார் இருக்கிற தொட்டி). மோட்டார் ஓடுற வரைக்கும் பிரச்சினை இல்லை. கரண்ட் போனா சம்ப் நிரம்பி ஹால் முழுக்கத் தண்ணி. பாக்ஸை மாத்தணுமா? இறங்குற பைப்புல ராத்திரி முழுக்க ‘களக் களக்’னு சத்தம் வேற. வால்வு போட்டு அடக்கலாமா?

நீர்க்காகம்:
ரிட்டர்ன் பைப் (மோட்டார் தண்ணியை மேல ஏத்துற பைப்) வாய் மேல் தொட்டித் தண்ணிக்குள்ள எவ்வளவு கீழ இருக்கு? சம்ப்ல காலி இடம் எவ்வளவு?

கயல்72:
4 இன்ச் கீழ. காலி இடம் 30 லிட்டர் வரும்.

நீர்க்காகம்:
அப்போ பாக்ஸ் மேல தப்பில்லை. மோட்டார் நின்னா தண்ணி பாக்ஸோட பல்லு மட்டத்துக்கு இறங்கும், அதுக்கு மேல அந்த வழியா வராது. அரை இன்ச்னு வெச்சாலும் 7 லிட்டர்தான். ஆனா ரிட்டர்ன் பைப் சைஃபனா மாறி (தானாவே பின்பக்கமா உறிஞ்சி), வாய் வெளிய தெரியுற வரைக்கும் தண்ணியைக் கீழ இழுக்கும். 48 × 18 × 4 கன இன்ச்னா கிட்டத்தட்ட 56 லிட்டர். வாயை 1 இன்ச்சுக்கு ஏத்துங்க, 14 லிட்டரோட நின்னுடும். பைப்புல இருக்கிற தண்ணியும் கொஞ்சம் இறங்கும்.

மணல்வீடு:
ஒரு செக் வால்வு (தண்ணியை ஒரே பக்கம் மட்டும் விடுறது) போட்டா முடிஞ்சுது. எதுக்கு இவ்வளவு கணக்கு?

நீர்க்காகம்:
பாசியோ சின்ன நத்தையோ சிக்கினா அந்த வால்வு மூடாது சார். அதை நம்பி நான் ஊருக்குப் போகமாட்டேன். தண்ணி மட்டத்துக்குச் சற்றுக் கீழ ரிட்டர்ன் பைப்புல ஒரு துளை போட்டா காத்து புகுந்து சைஃபன் அறுந்துடும். அதுவும் அடையும், அப்பப்போ குத்தி விடணும்.

சத்தத்துக்கு: இறங்குற பைப் ஒண்ணுதான்னா வால்வு வெச்சு நெரிக்காதீங்க. அங்க இலை சிக்கினா மோட்டார் தள்ளுற தண்ணி மேல தொட்டி விளிம்பைத் தாண்டிடும். அவசரத்துக்கு இன்னொரு பைப் இருந்தா மட்டும் அந்த வேலை. உங்களுக்கு துர்சோங்கிற சத்தம் குறைக்கிற பைப் அமைப்பு போதும்: பைப் தலையில T வடிவ இணைப்பு, கீழ் பார்த்த எல்போ, மேல் மூடியில சின்னத் துளை.

கயல்72:
வாயை ஏத்திட்டு மோட்டாரை நிறுத்திப் பார்த்தேன் அண்ணா, சம்ப்ல இன்னும் நாலு விரல் இடம் இருக்கு. துர்சோவும் போட்டாச்சு, சத்தம் பாதிதான் குறைஞ்சிருக்கு.

நீர்க்காகம்:
மூடித் துளையைக் கொஞ்சம் கொஞ்சமா பெருசாக்குங்க. பைப்போட கீழ் முனை சம்ப் தண்ணிக்குள்ள ரொம்ப ஆழமா இருந்தாலும் காத்து வெளியேற முடியாம குமுறும். 1 இன்ச் முங்கினா போதும்.