மறு: போஸ்ட் ரெஸ்டான்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பயணி நேரில் வந்து கேட்கும்வரை தபாலை அஞ்சலகத்திலேயே வைத்திருக்கும் சேவைதான் 'போஸ்ட் ரெஸ்டான்ட்'. நம் கையேட்டுக்காக அதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். 'வைப்பு அஞ்சல்', 'காத்திருப்பு அஞ்சல்' என்று இதுவரை இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இரண்டிலும் எனக்குத் தயக்கம் உண்டு. 'வைப்பு' என்றதும் இங்கே சிங்கப்பூரில் எவருக்கும் வங்கிதான் ஞாபகம் வரும். 'காத்திருப்பு' என்றால் தபால் தாமதமாகிவிட்டது போலத் தொனிக்கிறது.

நடப்பது என்ன? ஊர் ஊராகச் சுற்றுகிறவருக்கு நிலையான முகவரி கிடையாது. அதனால் அனுப்புகிறவர் உறையில் பெறுநர் பெயர், அதன்கீழ் 'போஸ்ட் ரெஸ்டான்ட்', பிறகு அஞ்சலகம், ஊர், அஞ்சல் குறியீடு என்று எழுதுகிறார். பயணி கடப்பிதழோடு (பாஸ்போர்ட்) அஞ்சலக முகப்புக்குப் போய், "எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா?" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார். அமெரிக்காவில் இதற்கு ஜெனரல் டெலிவரி என்று பெயர். 30 நாள் வரை வைத்திருந்து, யாரும் வராவிட்டால் அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். நம் ஊரில் ஃபுல்லர்டன் கட்டடம் ஓட்டலாக மாறுவதற்கு முன், 1996 வரை, பொது அஞ்சலகமாக இருந்ததே, அந்தக் காலத்து ஊர்சுற்றிகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

பயணி கேட்டால்தான் தபால் கைக்கு வரும். ஆகவே என் பரிந்துரை: கேட்டுப்பெறு அஞ்சல். இடைவெளி விட்டே எழுதுவோம். புணர்ச்சி விதிப்படி சேர்த்தால் 'பெறுவஞ்சல்' ஆகி, ஏதோ வஞ்சகம் போல ஒலிக்கும்!

அடுக்குமாடி புளோக் அடியில் இருக்கும் பார்சல் பெட்டகங்களுக்கும் இதே சொல் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். போதாது. அங்கே கடவு எண்ணைத் தட்டினால் கதவு திறக்கும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதைப் 'பெட்டகப் பெறுகை' எனலாம். நாம் வெளியூர் போகும்போது வீட்டுக்கு வரும் கடிதங்களை அஞ்சலகத்திலேயே வைத்திருக்கச் சொல்வது மூன்றாவது சங்கதி. அதற்குத் 'தபால் நிறுத்திவைப்பு' சரியாக இருக்கும்.

கையேட்டில் இந்தச் சொல்லுக்கான விளக்கத்தில் நம்மவர்களுக்காக ஒரு வரி அவசியம் வேண்டும். கடப்பிதழில் 'எஸ்/ஓ' (இன்னாரின் மகன்), 'டி/ஓ' (இன்னாரின் மகள்) போட்டு அப்பா பெயரும் இருக்கும். வெளிநாட்டு அஞ்சலக ஊழியர் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு அதன் முதல் எழுத்தின்கீழ் கடிதத்தை அடுக்கிவிடக்கூடும். "இல்லை" என்று சொன்னால் உடனே திரும்பிவிடாமல், அப்பா பெயரிலும் தேடிப் பார்க்கச் சொல்ல வேண்டும். உறையில் கடப்பிதழில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்வது இன்னும் நல்லது. அப்புறம், இது அஞ்சல்துறைச் சேவை. தனியார் கூரியர்கள் பெரும்பாலும் தெரு முகவரியும் தொலைபேசி எண்ணும் கேட்பார்கள் என்பதையும் சேர்த்துவிடலாம்.

இனி அந்த 30 நாளுக்கும் ஒரு சொல் வேண்டும். 'தக்கவைப்புக் காலம்' என்று வரைவில் இருக்கிறது, வாயில் நுழையவில்லை. 'எடுக்கும் கெடு' என்று போட்டால் யாருக்காவது ஆட்சேபம் உண்டா?