மழைக்கு ஆட்டுக்கொட்டகையில் எந்த வைக்கோல் விரிப்பது?

கேள்வி:
30 மேச்சேரி இனச் செம்மறி ஆடுகள், மண்தரைக் கொட்டகை. ஐப்பசி மழையில் வெளியே விட முடியாமல் அடைத்தே வைத்ததில் தரை சேறாகி, போன வருடம் நாலு ஆட்டுக்குக் குளம்பு அழுகிவிட்டது. மெஷினில் அறுத்த நெல் வைக்கோல் கட்டு மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

பதில் 1:
வாங்கலாம் அண்ணா, ஆனால் ஒரு கட்டைப் பிரித்து நடுவில் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே சூடாக இருந்தாலோ, உதறும்போது சாம்பல் தூள் பறந்தாலோ வேண்டவே வேண்டாம், அது பூஞ்சணம். விரித்ததை ஆடு தின்னாமல் விடாது. இருமல் வரும், சினை ஆடு கருவைக் கலைத்துவிடவும் கூடும்.

பதில் 2:
நீள வைக்கோல் மூத்திரத்தை அவ்வளவாக இழுக்காது, நறுக்கிப் போடுங்கள். அடியில் நிலக்கடலை ஓடு இரண்டு விரல்கடை போட்டால் இன்னும் நல்லது. நான் தினமும் காலையில் படுக்கையில் ஒரு நிமிடம் முட்டி போட்டுப் பார்ப்பேன், வேட்டியில் ஈரம் ஏறினால் அன்றைக்கே மேலே புதுசு விழும். கண் எரிகிற அளவு வாடை வந்தால் மொத்தமாக அள்ள வேண்டியதுதான்.

கேட்டவர்:
சரி அண்ணா, அள்ளினதை நேராக வயலில் போடலாமா?

பதில் 2:
குவித்து மக்கவிட்டு, அப்புறம் போடுங்கள்.